காவற்காரன் வரும் இடம்

கெல்மான் துரையின் சவ அடக்கத்துக்கு நான் போகவில்லை. கேட்டவர்களுக்குக் கால்வலி என்று சொன்னேன். என் காலுக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் அம்பிட்டிய ஏற்றத்தை மூச்சு வாங்காமல் ஏறுவேன். கண்டியில் உள்ள பறங்கியர் அத்தனை பேரும் கறுப்பு உடுத்துப் போன அந்த அடக்கத்துக்கு நான் ஏன் போகவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்கான மையை நானே காய்ச்சினேன். எங்கள் வீட்டில் இருபது வருஷமாக மை காய்ச்சுவது நான்தான். அதன் காரணமும் இதற்குள்ளேயே வரும்.

என் பெயர் நிக்கலாஸ் திருச்செல்வம். கண்டி நீதிமன்றக் கந்தோரில் பழைய ஒல்லாந்துக் காணி உறுதிகளைப் படித்து இங்கிலீஷில் பெயர்த்து எழுதுவது என் உத்தியோகம். கண்டி ஒருநாளும் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்ததில்லை. ஆனால் கோப்பித் தோட்டம் வாங்க மலையேறி வந்த ஒல்லாந்தர் வழித்தோன்றலான கரையோரத்துப் பறங்கியர் தங்கள் பாட்டன் காலத்து உறுதி, மரணசாசனம் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். வந்த இடத்திலும் அண்ணன் தம்பி என்று பாராமல் வழக்குப் பேசினார்கள். அதில்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. என் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தருக்குத் தோம்பு எழுதியவர். எந்தக் காணி யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. ஒல்லாந்தர் கப்பலேறிப் போன பிறகும் அவர் அந்தப் பாஷையை விடவில்லை. பிரம்பை வைத்துக்கொண்டு எனக்குப் படிப்பித்தார்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறாம் ஆண்டு. கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்த காலம். கண்டித் தெருவில் நடந்தால் எல்லார் முகத்திலும் தோட்டம் வாங்கும் யோசனை தெரியும். இங்கிலீஷ்காரத் தோட்டத் துரைமார் சேர்ந்து ஒரு சிரிப்பு நாடகம் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து நம்முடைய பறங்கியருக்கு நித்திரை இல்லை. தங்களுக்கும் ஒரு பாஷை உண்டு, தங்களுக்கும் நாடகம் உண்டு என்று காட்டியாக வேண்டும். அதற்கென்று ஒரு சபை கூட்டினார்கள். சபைக்குத் தலைவர் யோஹான் கெல்மான் துரை. கோட்டில் வழக்கு நடத்துகிற பிறக்கிராசி, யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், என்னோடு தமிழில்தான் பேசுவார். என் வீட்டுக்கு வந்து, பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழ் குடிப்பார். நான் அவரைச் சிநேகிதர் என்று நினைத்திருந்தேன்.

நாடகம் ஜெர்மன் தேசத்து இசை நாடகம். அதை யாரோ ஒல்லாந்தில் பெயர்த்து, ஜாவாத் தீவின் பத்தாவியாவில் கந்தோர்க்காரரும் கப்பற்காரரும் பொழுதுபோக்காக ஆடியிருக்கிறார்கள். அங்கிருந்து கெல்மானின் பாட்டனுடைய பெட்டியில் வந்த ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது. ஓரமெல்லாம் எலி தின்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், சபையில் இருந்த ஒருவருக்கும் ஒல்லாந்து தெரியாது. வீட்டில் போர்த்துக்கீசு, கோட்டில் இங்கிலீஷ், வேலைக்காரரை ஏசுவதற்குச் சிங்களமும் தமிழும். ஒல்லாந்தர் பேரப்பிள்ளைகளுக்கு ஒல்லாந்து பாஷை சொல்லிக்கொடுக்க, யாழ்ப்பாணத்துத் தமிழன் ஒருவன் வேண்டியிருந்தது.

கெல்மான் வீட்டுக்கு வந்து கேட்டார். "பாடஞ் சொல்லித் தரவேணும், எல்லாருக்கும் எழுதித் தரவேணும். உமக்கு என்ன வேணும், கேளும் திருச்செல்வம்."

"காவற்காரன் வேஷம் எனக்கு வேணும், துரை," என்றேன்.

நாடகத்தின் கதை இதுதான். கோதுமை அரைக்கிற ஒரு மாவாலைக்காரன் மகள். போருக்குப் போய்த் திரும்பி வந்த அவளுடைய சிப்பாய். அவளைத் தானே கட்ட ஆசைப்பட்டு, 'வந்தவன் பொய்க்காரன், அந்தச் சிப்பாய் எப்போதோ செத்துவிட்டான்' என்று சாதிக்கிற ஊர் நீதவான். கடைசியில் இருட்டில் காலடிச் சத்தம் கேட்கும். நீதவான் திரும்பி, "வீ ஸ்டாட் டார்?" என்பான். 'அங்கே நிற்பது யார்?' என்று அர்த்தம். அப்போது லாந்தரோடு ஊர்க் காவற்காரன் வருவான். 'இவன் போனதையும் நான் கண்டேன், வந்ததையும் நான் கண்டேன்' என்று சாட்சி சொல்லிப் பாடுவான். பதினொரு வரி, ஒரு பாட்டு. நாடகம் அதோடு சுபமாக முடியும்.

நாற்பத்தாறு வயது வரைக்கும் நான் செத்துப்போனவர்களின் வாசகத்தைப் பெயர்த்து எழுதியவன். கோட்டில் வாயைத் திறந்தாலும் அது வேறொருவனுடைய பேச்சு. ஒரே ஒரு முறை நானே எழுந்து நின்று, எல்லாச் சனத்துக்கும் கேட்க, என் குரலில் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை மறைக்க வேண்டியதில்லை. மிகவும் ஆசைப்பட்டேன்.

"கை தந்தன்," என்று கெல்மான் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீதவான் வேஷம் அவருக்கு. என்னைப் பார்த்து அந்த மூன்று சொல்லையும் கேட்க வேண்டியவர் அவர்தான்.

இனி, எழுதுகிற முறையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. ஒரு புத்தகத்தை நடிக்கிற பன்னிரண்டு பேருக்கும் முழுதாக எழுதிக் கொடுக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பேச்சை மட்டும் தனித்தாளில் எழுதுவோம். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால், அதற்கு முதல் ஆள் முடிக்கிற கடைசி மூன்று சொல்லை மட்டும் எழுதுவோம். அந்த மூன்று சொல் காதில் விழுந்ததும் நீ பேச வேண்டும். விழாதவரைக்கும் வாய் திறக்கக் கூடாது. ஆகையால் நடிக்கிறவர்களில் ஒருவருக்கும் முழு நாடகமும் தெரியாது. அவரவருக்கு அவரவர் துண்டு. முழுதும் தெரிந்தவன் எழுதுகிறவன் ஒருவனே. இதில் எனக்கு நிரம்பப் பெருமை இருந்தது.

எழுதியவன் நான் ஒருவன் மட்டுமில்லை. என் மனைவி மார்த்தாவும் எழுதினாள். அவளுக்கு ஒல்லாந்து தெரியாது. எழுத்தின் வடிவத்தை மட்டும் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்; பார்த்துப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி எழுதுவாள். என் எழுத்தைவிட அழகாக, வடிவாக இருக்கும். வாலுள்ள எழுத்துக்களின் நுனியில் சின்னதாக ஒரு முடிச்சுப் போடுவாள், அது ஒன்றுதான் வித்தியாசம். ஒருநாள் எழுதிக்கொண்டிருக்கும்போது, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். "அர்த்தம் தெரிஞ்சு நீ என்ன செய்யப் போறாய்? வரி கோணாமல் எழுது," என்றேன். பன்னிரண்டு பேருடைய தாள்களில் ஏழு பேருடையது அவள் எழுதியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கெல்மானும் அவருடைய மனைவியும் கூழ் குடிக்க வந்திருந்தார்கள். அந்த அம்மாள் கதிரையில் இருந்தபடி தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வடிவான எழுத்து ஆருடைய?" என்று கேட்டாள். மார்த்தா தட்டோடு வாசற்படியில் நின்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்புப் புறப்பட்டதை நான் கண்டேன். "எல்லாம் என்ர எழுத்துத்தான். மார்த்தா மை காய்ச்சித் தருவா," என்றேன். கடுக்காயை இடித்து ஊறவைத்து அவள் காய்ச்சுகிற மை உண்மையிலேயே நல்ல மை. அதைச் சொன்னதில் பொய் இல்லை. அம்மாள் மையையும் மெச்சினாள். பிறகு வேறு பேச்சு வந்துவிட்டது.

ஒத்திகை மூன்று மாதம் நடந்தது. ஆற்றங்கரைக்குப் போகிற வீதியில், கோப்பி அனுப்பி முடிந்து வெறுமையாகக் கிடந்த கிட்டங்கிதான் எங்கள் அரங்கு. பலகையெல்லாம் கோப்பி மணம். ஒல்லாந்தில் தொண்டையிலிருந்து காறி எடுக்க வேண்டிய ஓர் எழுத்து உண்டு. மாவாலைக்காரன் மகளாக நடித்த பெண்பிள்ளை அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கைக்குட்டையால் வாயை மூடினாள். ஒரு கிழமை பாடுபட்டு அவளைக் காற வைத்தேன். கடைசியில் எல்லாரும் ஒருவாறு பேசினார்கள். என் கட்டம் வரும்போது கெல்மான் கையை வீசி, "அது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதுதானே, விட்டிட்டு மேலே போவம்," என்பார். என்னில் உள்ள நம்பிக்கை என்று நினைத்தேன்.

அதனால் வீட்டில் பழகினேன். காலையில் முகம் கழுவும்போது, கந்தோருக்கு உடுத்தும்போது, கிணற்றடியில். முதலில் நானே கெல்மான் குரலில் "வீ ஸ்டாட் டார்?" என்று கேட்பேன், பிறகு நானே லாந்தரோடு வருவேன். மார்த்தா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

நாடகத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஒரு மத்தியானம் நான் கந்தோரில் இருந்து வந்தேன். மேசையில் ஒரு கேக் துண்டு மூடிக் கிடந்தது. "கெல்மான் துரை வந்தவர். இருந்திட்டுப் போனவர்," என்றாள் மார்த்தா. மைக்கூட்டைத் திறந்தால் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. "மையை ஊத்திப்போட்டியா?" என்று அதட்டினேன். அவள் மைக்கூட்டை வாங்கி மூடினாள். பிறகு கடுக்காய் இடிக்கப் போய்விட்டாள். நான் கேக்கைத் தின்றேன்.

என் வேஷத்துக்கு உடுப்புத் தைத்தவர் ஹலீம். கண்டித் தெருவில் துரைமாருக்கெல்லாம் தைக்கிற கைகாரர். முழங்காலுக்குக் கீழே வருகிற கறுத்த கோட்டு; இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான். "நான் தச்ச கோட்டு மேடையில ஏற்றது இதான் மொத தடவ. நானும் வந்து பாக்கோணும்," என்றார். பின்வரிசை வாங்கில் அவருக்கு ஓர் இடம் கேட்டு வாங்கினேன். மார்த்தாவுக்கும் அவரோடு ஓர் இடம். நாடகத்தன்றைக்கு அவள் தலையிடி என்று படுத்துவிட்டாள். எனக்குக் கோபம். ஆனாலும் பதறாமல் போனேன். பாட்டைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

மாலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. முன்கதிரைகளில் பெரிய உத்தியோகத்து இங்கிலீஷ்காரர், ஹேவாஹெட்டயிலிருந்து மட்டக் குதிரையில் வந்த தோட்டத் துரைமார், அவர்களுக்குப் பின்னே பறங்கிக் குடும்பங்கள். நான் கோட்டுப் பொத்தானெல்லாம் பூட்டி, லாந்தரைக் கொளுத்திக்கொண்டு, மேடையின் இடப்பக்கத்துச் சாக்குத் திரைக்குப் பின்னால் நின்றேன். பிள்ளைகள் நன்றாகவே பேசினார்கள். அந்தப் பெண்பிள்ளை கூச்சமில்லாமல் காறினாள். என் உள்ளம் நிறைந்தது என்றே சொல்ல வேண்டும். எல்லாம் நான் ஊட்டிய சொல்.

என் கட்டம் வந்தது. மேடையில் விளக்குகளைத் தணித்தார்கள். கெல்மான் நடுவில் நின்றார். நான் லாந்தரைத் தூக்கி, வலது காலை முன்வைத்தேன். அவர் திரும்ப வேண்டும். திரும்பவில்லை.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒத்திகையில் யார் மறந்தாலும் எடுத்துக்கொடுத்தவன் நானல்லவா. திரைக்குப் பின்னால் இருந்து, அவருக்குக் கேட்கும்படி, "வீ ஸ்டாட் டார்," என்றேன். அவருடைய கழுத்து அசைந்தது. கேட்டுவிட்டது. ஆனாலும் திரும்பவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு கடுதாசியை எடுத்தார். சிப்பாய் உயிரோடு இருப்பதாகப் பட்டாளத்திலிருந்து வந்த கடுதாசியாம். புத்தகத்தில் அப்படி ஒரு கடுதாசியே கிடையாது. அவர் வாசித்ததெல்லாம் வேறு பக்கங்களில் நான் சொல்லிக்கொடுத்த வரிகளை வெட்டி ஒட்டியது. உடனே மாவாலைக்காரன் பேசினான். அவனுக்குப் பின்னே மகள், மகளுக்குப் பின்னே சிப்பாய். ஒருவரும் தடுமாறவில்லை. எல்லாரும் சேர்ந்து கலியாணப் பாட்டைப் பாடினார்கள்.

மறதி ஒருவனுக்கு வரும். பன்னிரண்டு பேர் தாளையும் எழுதிய எனக்கு அது தெரியாதா? என்னைத் தவிர்ந்த பதினொரு பேரும் புதுத்தாள் படித்திருக்கிறார்கள். காவற்காரனுக்குப் பதில் ஒரு கடுதாசி. நான் எரிகிற லாந்தரோடு அங்கேயே நின்றேன். சனம் கை தட்டியது.

திரை விழுந்ததும் சிப்பாய் தன் தாளைச் சாக்கின்மேல் எறிந்துவிட்டு ஓடினான். அதை எடுத்து லாந்தரில் பிடித்தேன். புதுத்தாள்தான். கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். வாலுள்ள எழுத்துக்களின் நுனியில் எல்லாம் சின்னச் சின்ன முடிச்சு.

கெல்மான் வந்தார். வேர்வையில், முகத்தில் வேஷத்துக்குப் பூசிய மா வழிந்தது. "கோவியாதேயும், திருச்செல்வம். பெம்பிளைப் பிள்ளையள் நிக்கிற மேடை. பெரிய குடும்பங்கள் ஒத்துக்கொள்ளேல்லை. தமிழன் ஒருத்தன் எங்கட பிள்ளையளோட நிண்டு பாடுறதோ எண்டு கேட்டினம்."

"எப்ப கேட்டவை?"

"ஒரு மாசமிருக்கும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவர் கையைத் துடைத்தார். "சொல்லியிருந்தா நீர் பாடஞ் சொல்லித் தர வந்திருக்க மாட்டீரே," என்றார்.

இருபது வருஷமாக இந்த வாசகத்தை நான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. கூழ் குடித்த வாய். நான் தாளை நீட்டி, "இதை ஆர் எழுதினது?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"உமக்குத் தெரியாத எழுத்தா?" என்றார். முன்னாலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

வெளியே ஹலீம் நின்றார். அந்த நல்ல மனுசன் சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "ஐயா, நம்ம கோட்டு வரவே இல்லியே? தையல்ல ஏதும் பெழையா?"

"தையல்ல பிழை ஒண்டுமில்லை," என்றேன். கண் கலங்கியதை அவர் கண்டிருப்பார்.

கோட்டைக் கழற்ற மறந்து, லாந்தரை அணைக்க மறந்து, குளக்கட்டு வழியாக நடந்தேன். எதிரே வந்தவர்கள் உண்மையான காவற்காரன் என்றே நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். கெல்மானை நினைத்தால் கோபம் வந்தது. அந்த முடிச்சுக்களை நினைத்தால் கோபம்கூட வரவில்லை, நெஞ்சு வலித்தது. பறங்கிக் குடும்பங்கள் என்னைத் தள்ளியது உலக வழக்கம். என் வீட்டு மேசையில், என் மையைத் தொட்டு, என் பேரை வெட்டியது யார்? ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாவம், அவளுக்கு அர்த்தம் தெரியாது. அவர் வைத்ததைப் பார்த்து எழுதியிருப்பாள். அவளை ஏமாற்றி எழுதுவித்திருக்கிறார். ஏற்றம் ஏறி முடிவதற்குள் அவளை மன்னித்தும்விட்டேன்.

கதவு பூட்டியிருந்தது. தட்டினேன்.

"ஆர் அங்க நிக்கிறது?" என்று உள்ளே இருந்து கேட்டாள் மார்த்தா.

மூன்று மாதம் நான் காத்துக் கிடந்த கேள்வி. பதிலோ எனக்குப் பாட்டோடு மனப்பாடம். உடுப்புப் போட்டிருந்தேன், கையில் லாந்தர் இருந்தது. "நான்தான், கதவைத் திற," என்றேன்.

திறந்தாள். என்னையும் கோட்டையும் லாந்தரையும் பார்த்தாள். 'எப்படி நடந்தது' என்று கேட்கவில்லை. நான் தாளை மேசையில் வைத்தேன்.

"நான் எழுதினனான்தான்," என்றாள்.

"தெரியும். உனக்கு அர்த்தம் தெரியாது. அவன் உன்னை ஏமாத்திப்போட்டான்."

"அர்த்தம் தெரியாது," என்றாள். "திருத்தம் எண்டு தந்தவர், உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர். ரெண்டாந் தாள் எழுதேக்கயே எனக்கு விளங்கிப்போச்சு. நீங்கள் கிணத்தடியில நிண்டு கத்துற அந்த மூண்டு சொல்லும் அதில இல்லை. மற்றத் தாள்களிலையும் தேடிப் பாத்தன். ஒண்டிலையும் இல்லை."

கதிரையில் இருந்தேன். "தெரிஞ்சுகொண்டே எழுதினியா? ரெண்டு கிழமை, மார்த்தா. நான் ஒவ்வொரு நாளும் உனக்கு முன்னால நிண்டு பாடினனான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"துரை ஏன் வந்தவர் எண்டு அண்டைக்கே கேட்டிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன். மையை ஊத்திப்போட்டியா எண்டுதானே கேட்டனீங்கள்."

"அதுக்காக? உனக்குத் தெரிஞ்சதை நீயா வாய் திறந்து சொல்லப்படாதா?"

மார்த்தா என் கையிலிருந்த லாந்தரை வாங்கி, திரியை இறக்கி, ஊதி அணைத்தாள்.

"மை காய்ச்சிறவளிட்ட எழுத்தைப் பற்றி ஆர் கேக்கிறது?" என்றாள்.